கூரை பறந்த வரலாறு: கடற்கரைப் புயலும் நமது பள்ளத்தாக்கும்

 

புயல் என்பது கடற்கரைவாசிகளின் கவலை என்றே நம்மவர் நெடுங்காலமாகக் கருதி வந்துள்ளனர். மேற்கே ஏலமலை, கிழக்கிலும் தெற்கிலும் வருஷநாட்டு மலையும் மேகமலையும் அரணாக நிற்கும் கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வோருக்கு அவ்வாறு தோன்றுவது இயல்பே. ஆயினும் 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அந்த எண்ணம் ஆட்டங்கண்டது. அன்று நள்ளிரவுக்குப் பின் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், புதுக்கோட்டை, திண்டுக்கல் மாவட்டங்களின் வழியே மேற்கு நோக்கி வந்தது. கொடைக்கானல் மலையில் மரங்களைச் சாய்த்து, கேரளத்தைக் கடந்து, அன்றிரவே அரபிக்கடலில் இறங்கியது. நமக்கு அண்டையில் வந்தபோது அதன் வலு வெகுவாகக் குறைந்திருந்தது என்பது அல்லாஹ்வின் கருணை. இருப்பினும் வங்கக் கடலில் தோன்றிய ஒரு காற்று நமது மலைகளைத் தாண்டிச் செல்ல ஒரு பகற்பொழுதே போதுமாயிருந்தது. ஆகவே இவ்வாண்டு மலரில் காற்றையும் கூரையையும் பற்றிய வரலாற்றைச் சிறிது எழுத விழைகிறோம்.

காற்று நமக்குப் புதியதன்று. பண்டைத் தமிழர் தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும் பெயரிட்டு அழைத்தனர். மேல்காற்றைக் கச்சான் என்பது கடலோடிகளின் வழக்கு. பருவக்காற்றுக்கு ஆங்கிலேயர் வழங்கும் 'மான்சூன்' என்னும் சொல் அரபியின் 'மவ்ஸிம்' (பருவம்) என்பதிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாகப் பிறந்ததாகும். அரபு வணிகரின் பாய்மரக் கப்பல்களை மலபார்க் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்த அதே மவ்ஸிம்தான், மழையைக் கேரளத்தில் இறக்கிவிட்டு, கணவாய்களின் வழியே வெறுங்காற்றாக நமது பள்ளத்தாக்கில் பாய்கிறது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகியவற்றோடு கம்பம் கணவாயும் தமிழகத்தின் காற்றாலைக் களங்களுள் ஒன்றாக இருப்பது இதனாலேயே. ஆண்டிபட்டி, தேனிப் பகுதிகளில் நிற்கும் காற்றாலைகளே அதற்குச் சாட்சி.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பர். ஆனால் ஆடிக் காற்று ஆண்டுதோறும் நாள் தெரிந்து வருவது. மக்கள் ஆனியிலேயே ஆயத்தமாகிவிடுவர். சித்திரை, வைகாசியில் கோடை மழையோடு வரும் சூறைக்காற்றுக்கு அந்த ஒழுங்கு இல்லை. பிற்பகல் வரை கொளுத்திய வெயில் திடீரென மறைந்து, புழுதி எழுந்து, கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதற்குள் கம்பம், சின்னமனூர் வட்டாரங்களில் குலை தள்ளிய வாழைகள் இடுப்பொடிந்து கிடக்கும். மறுநாள் நாளிதழில் வாழை சாய்ந்த செய்தி வரும். அதே காற்றில் பறந்த நான்கு கூரைகளைப் பற்றிய செய்தி பெரும்பாலும் வருவதில்லை. வாழைக்குக் கணக்கு உண்டு, கூரைக்கு இல்லை.

கூரைக்கும் ஒரு வரலாறு உண்டு. நம் முன்னோர் காலத்தில் எளியோரின் வீடு மண் சுவரும் கிடுகுக் கூரையுமாகவே இருந்தது. மலையடிவாரங்களில் மலைப்புல்லாலும் வேய்ந்தனர். காற்றுக் காலத்துக்கு முன் கூரையின் மீது குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு இழுத்து, நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவர். கூரை பறந்தாலும் கீழே இருந்தவர் தலையில் விழுவது தென்னை ஓலைதான். அண்டை அயலார் கூடினால் ஓரிரு நாளில் மீண்டும் வேய்ந்துவிடலாம். அதன் பெரும்பகை காற்றன்று, நெருப்பே. பின்னர் நாட்டு ஓடு பரவலாயிற்று. அதன் கனமே அதன் காவல். 1860களில் பாசல் மிஷனார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின், ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் மங்களூர் ஓடு தென்னகமெங்கும் வந்தது. வசதி படைத்தோர் கைமரம், ரீப்பர் அடித்து அதனை மேய்ந்தனர். சூறைக்காற்றில் முகட்டு ஓடும் ஓரத்து ஓடும் நொறுங்கும், எஞ்சியவை நிற்கும். நொறுங்கியதை மட்டும் மாற்றினால் போதும்.

ஆஸ்பெஸ்டாஸ் சீட்டும் தகரமும் வந்த பிறகே நிலைமை வேறாயிற்று. விலை குறைவு, வேலை எளிது, ஆண்டுதோறும் வேய வேண்டியதில்லை என்று மக்கள் மகிழ்ந்தனர். அதில் பிழையில்லை. ஆனால் நான்கு கொக்கி போல்ட் போட வேண்டிய இடத்தில் இரண்டைப் போட்டு, மீதிக்குக் கல்லையும் பழைய டயரையும் மேலே வைப்பது வழக்கமாகிவிட்டது. காற்று கூரையை மேலிருந்து அழுத்தி உடைக்கிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது கூரையைத் தூக்குகிறது. சரிவு குறைந்த கூரையின் மேல் விரைந்து செல்லும் காற்று மேல்நோக்கி இழுக்கும். காற்று வரும் திசையில் கதவோ சன்னலோ திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தள்ளும். இரண்டும் சேரும்போது மேலே வைத்த கல் எம்மாத்திரம்? காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். முதலில் எழுவது ஓரத்துத் தகடு; அது எழுந்தால் அடுத்ததும் எழும். பறக்கும் தகரம் வாளுக்கு ஒப்பானது. கல்லும் அவ்வாறே; கூரையைக் காக்க வைத்தது தலையில் விழுகிறது.

கட்டட வல்லுநர்களின் இந்தியத் தரக் குறிப்பு மதுரைக்கு நொடிக்கு 39 மீட்டர் வேகக் காற்றையும், சென்னைக்கு 50 மீட்டரையும் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. 39 மீட்டர் என்பது மணிக்கு 140 கிலோமீட்டராகும். கடலில்லாத மதுரைக்கே இக்கணக்கு. நமது தெருவில் கூரை போடும் எவரும் இதனை நினைத்துப் போல்ட் முடுக்குவதாகத் தெரியவில்லை.

இனிப் புயல்களின் வரலாற்றுக்கு வருவோம். நாகைக் கடற்கரை 1952 நவம்பர் 30இல் கடும் புயலைக் கண்டது, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடி அழிந்ததைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். 1977 நவம்பர் 12இல் மீண்டும் நாகைக் கரையில் புயல் ஏறியது. அதில் இறந்தோர் 560 பேர் எனவும், வீடிழந்தோர் சுமார் பத்து லட்சம் எனவும் கணக்குச் சொல்கிறது. அந்தப் புயலும் தமிழகத்தைக் குறுக்காகக் கடந்து அரபிக்கடலில் இறங்கியதே. ஒரு வாரம் கழித்து ஆந்திரக் கரையைத் தாக்கிய புயலில் பல்லாயிரவர் மாண்டதால், தஞ்சைத் தரணியின் துயரம் விரைவில் பேச்சிலிருந்து மறைந்தது. மறு ஆண்டு 1978 நவம்பரில் இலங்கையின் மட்டக்களப்பைச் சூறையாடிய புயல், அங்கே தென்னந்தோப்புகளைத் தரைமட்டமாக்கிவிட்டு இராமநாதபுரம் பக்கம் வந்து ஓய்ந்தது.

1977க்கும் 2018க்கும் இடையே நிகழ்ந்த மாற்றம் நாம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1983இல் இன்சாட் 1பி விண்ணில் நிலைபெற்ற பின் புயலை வெகுதொலைவிலேயே காண முடிந்தது. கஜாவின் பெயரும் பாதையும் பல நாட்களுக்கு முன்பே அறிவிக்கப்பட்டன. கரையேறுமுன் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் காற்று வீசியும், உயிரிழப்பு 1977ஐ நோக்கப் பல மடங்கு குறைந்தது. அல்ஹம்துலில்லாஹ், இது பெரும் வெற்றியே. ஆனால் முகாமிலிருந்து திரும்பியவர்கள் கண்டது என்ன? லட்சக்கணக்கான வீடுகள் கூரையின்றி நின்றன. தென்னைகள் பல லட்சம் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் முறிந்து விழுந்தன. உள்ளூர்க் கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. உயிரைக் காக்கக் கற்ற நாம் கூரையைக் காக்கக் கற்கவில்லை. 1977இல் பறந்ததும் ஏழையின் கூரை, 2018இல் பறந்ததும் ஏழையின் கூரை.

மரம் விழுந்து நசுங்கிய வீடுகள் ஒருபுறமிருக்க, புயலின் நடுக்கண் கடக்கும் நேரத்து அமைதியில் ஏமாறுவதும் பழைய கதையே. காற்று நின்றுவிட்டதென வெளியே வந்து கூரையைச் சரிசெய்யத் தொடங்குவர். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று அறையும். முதற்காற்றில் தளர்ந்த சுவர் இரண்டாங்காற்றில் விழும்.

அரசு நிவாரணம் அறிவித்தது. முழுவதும் சேதமான குடிசைக்கு ரூ.10,000, பகுதி சேதத்துக்கு ரூ.4,100. சாய்ந்த தென்னை ஒன்றுக்கு அகற்றும் செலவு உட்பட ரூ.1,100. கொடுத்ததைக் குறை சொல்வது நமது நோக்கமன்று. ஆனால் பத்தாயிரத்தில் கூரை போட முடியாது என்பதைக் கொத்தனார் வேலை அறிந்த எவரும் ஒப்புவர். ஆகவே பலர் தார்ப்பாயின் கீழ் அடுத்த மழைக்காலத்தைக் கண்டனர். வேறு சிலர் கடன் வாங்கி அதே சீட்டை அதே இரண்டு போல்டில் பூட்டினர். குடிசைகளை மாற்ற 2010இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011இல் பசுமை வீடு, 2016இல் பிரதமர் வீட்டுத் திட்டம், 2024இல் கலைஞரின் கனவு இல்லம் எனத் திட்டங்கள் வந்துகொண்டே உள்ளன. அவை பலருக்குக் கான்கிரீட் கூரை தந்தன. சொந்த மனையும் பட்டாவும் இல்லாதவரும் வாடகைக்கு இருப்பவரும் மட்டும் எந்தத் திட்டத்திலும் எளிதில் சேருவதில்லை. நமது மஹல்லாவில் சீட்டுக் கூரையின் கீழ் வசிப்போரில் பலர் இவ்விரு வகையினரே என்பதைக் கவனிக்க வேண்டுகிறோம்.

கஜாவின் துயரில் கைகொடுத்தோர் பலர். மின்கம்பம் நட வெளி மாவட்டத்து ஊழியர்களோடு கேரள மின்வாரிய ஊழியர்களும் வந்தனர். அதற்கு மூன்று மாதம் முன்பு, 2018 ஆகஸ்டில், கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது தமிழகம் அரிசியும் துணியும் அனுப்பியது. ஏலத்தோட்டங்களில் நம்மவர் எத்தனை பேர் வேலை செய்கின்றனர்! மலைக்கு அப்பாலும் இப்பாலும் துன்பம் அடுத்தடுத்து வந்தது. உதவியும் அவ்வாறே சென்று திரும்பியது.

அந்நாட்களில் சிலர், இது அவ்வூரார் செய்த பாவத்தின் தண்டனை என்று பேசினர். ஆது கூட்டத்தார் காற்றால் அழிந்த வரலாறு உண்மை. அதனைக் காட்டிக் கூரையிழந்த ஏழையின் மீது தீர்ப்பு எழுத நமக்கு எவரும் அதிகாரம் தரவில்லை. காற்றைத் திட்ட வேண்டாம் என்றும், அதன் நன்மையைக் கேட்டு அதன் தீமையை விட்டுப் பாதுகாவல் தேடுங்கள் என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். காற்றையே திட்டக் கூடாதெனில் காற்றடித்தவரைத் திட்டலாமோ?

மார்க்கம் இவ்விஷயத்தில் எவ்வளவு எளிமை காட்டியது என்பதற்கு மற்றொரு செய்தியும் உண்டு. குளிரும் காற்றும் மிகுந்த ஓர் இரவில் இப்னு உமர் (ரலி) அவர்கள் பாங்கு சொல்லி, இருப்பிடங்களிலேயே தொழுதுகொள்ளுமாறு அறிவித்தார்கள். அது நபியவர்கள் காட்டிய வழி என்றும் சொன்னார்கள். ஆக, கடுங்காற்று வீசும் வேளையில் ஜமாஅத்துக்காகத் தகரம் பறக்கும் தெருவில் முதியவர் நடந்து வர வேண்டியதில்லை. அவ்வேளையில் பள்ளியின் ஒலிபெருக்கி, மின்சாரம் இருக்கும் வரை, எச்சரிக்கை சொல்லவும் பயன்படலாம். வீடு உறுதியில்லாதவர் எம்மதத்தினராயினும் பள்ளியின் தளம் போட்ட பகுதியில் வந்து தங்கவும் செய்யலாம்.

ஆடிக்கும் சித்திரைச் சூறைக்கும் முன் செய்யத்தக்கவை சில உள்ளன. ஓரத்தையும் முகட்டையும் முதலில் பார்க்க வேண்டும். துருப்பிடித்த போல்ட்டை மாற்றி, விடுபட்ட இடத்தில் புதிது போட வேண்டும். கூரையின் சட்டத்தைச் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணைக்க வேண்டும். சுவரோடு பிணையாத சட்டம் சீட்டோடு சேர்ந்தே பறக்கும். மேலே கிடக்கும் கல்லையும் டயரையும் இறக்கிவிட வேண்டும். வீட்டின் மேல் சாய்ந்த முருங்கைக் கிளையை வெட்டுவது கால் மணி நேர வேலை. காற்று தொடங்கியதும் அது வரும் பக்கத்துக் கதவு சன்னல்களை அடைத்து, உள்ளறையில் இருக்க வேண்டும். உடைந்த ஆஸ்பெஸ்டாஸைக் காய்ந்த நிலையில் பெருக்கலாகாது. அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் தெளித்து நனைத்த பின்னரே அள்ள வேண்டும். குடும்ப அட்டை, பட்டா, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை நெகிழிப் பையில் இட்டு ஓரிடத்தில் வைக்க வேண்டும். வீடு நன்றாக இருக்கும்போதே ஒரு புகைப்படமும், சேதமானால் சீரமைக்குமுன் மற்றொன்றும் எடுத்துக்கொள்வது கிராம நிர்வாக அலுவலரிடம் மனுக் கொடுக்கும்போது உதவும்.

நிக்காஹ் பதிவேடும் மையித் பதிவேடும் நமது ஜமாஅத்தில் பல்லாண்டுகளாக ஒழுங்காக உள்ளன. கூரைக்கும் ஒரு பதிவேடு தொடங்குமாறு நிர்வாகக் குழுவை வேண்டுகிறோம். வீட்டு எண், கூரையின் வகை, சொந்தமா வாடகையா, தனித்து வாழும் விதவையரும் முதியோரும் உள்ளனரா என நான்கு கட்டங்கள் போதும். தெருவுக்கு இரண்டு இளைஞர் சென்றால் ஒரு வாரத்தில் எழுதி முடிக்கலாம். பைத்துல்மாலிலிருந்து போல்ட்டும் இரும்புப் பட்டையும் நான்கு தார்ப்பாயும் வாங்கிப் பள்ளியின் கிடங்கில் வைக்க ஆகும் செலவு, பறந்த ஒரு கூரையை மீண்டும் போட ஆகும் செலவைவிடக் குறைவே. வாடகை வீடுகளைப் பொறுத்தவரை வீட்டு உரிமையாளரிடம் பேச வேண்டியது நிர்வாகக் குழு. குடியிருப்பவர் கேட்டால் வீட்டைக் காலி செய் என்ற பதில் வரக்கூடும். பங்குனி பிறப்பதற்குள் பதிவேட்டின் முதற்பக்கம் எழுதப்படுமாயின், சித்திரைச் சூறைக்குமுன் போல்ட் முடுக்க ஒரு மாதம் கிடைக்கும்.