கேட்டுப் பெற்ற பெயர்

சாமுவேல் என்றால் என்ன பொருள் என்று விசாரித்தால், "கர்த்தரிடம் கேட்டுப் பெற்ற பிள்ளை" என்று உடனே பதில் வரும். அது தாய் அன்னாள் சொன்ன விளக்கம் (1 சாமுவேல் 1:20). மலடி என்று சக்களத்தியிடம் ஏச்சு வாங்கி, சீலோ ஆலயத்தில் உதடு மட்டும் அசைய அழுது வேண்டியவள் அவள்.

ஆனால் எபிரேய எழுத்துகள் இந்த விளக்கத்துக்கு இடம் தரவில்லை. கேட்டலுக்குரிய வினை 'ஷாஅல்'. 'ஷெமூவேல்' என்ற பெயரின் நடுவில் நிற்கும் மகரம் அதில் கிடையாது. 'ஷேம்' என்றால் பெயர், 'ஏல்' என்றால் கடவுள். இடையிலுள்ள ஊகாரம் பழைய வேற்றுமை உருபின் எச்சம் என்பர். பெனூவேல் என்ற இடப்பெயரிலும் அது உண்டு. ஆக, 'ஏலின் பெயர்' என்பதே நேர்ப்பொருள். 'கடவுள் செவிகொடுத்தார்' என்று கொள்ளவும் தடை இருக்கிறது. செவிமடுத்தலைக் குறிக்கும் 'ஷாமா'வின் கடைசி எழுத்தான அயின், இஸ்மவேல் என்ற பெயரில் தங்கியிருக்கிறது, சாமுவேலில் இல்லை.

அப்படியானால் 'கேட்கப்பட்டவன்' யார்? பின்னாளில் அரசனான சவுல். 'ஷாஊல்' என்பதன் பொருளே அதுதான். முதல் அதிகாரத்தில் 17, 20, 27, 28 ஆகிய நான்கே வசனங்களில் அந்த வேர் ஏழு முறை வருகிறது. ஏழாவது முறை, பிள்ளையை ஆலயத்துக்கு ஒப்புக்கொடுக்கும் அன்னாளின் வாயில் 'ஷாஊல்' என்றே, அரசனின் பெயர் எழுத்து மாறாமல் ஒலிக்கிறது. சவுலின் பிறப்புக் கதைதான் சாமுவேலுக்கு மாறிவிட்டது என்று சில ஆய்வாளர்கள் கருதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தாய் கேட்டது பிள்ளையை; பின்னால் மக்கள் கேட்டது அரசனை (8:10). இரண்டு கேட்டலையும் எதிரெதிரே நிறுத்தத்தான் ஆசிரியர் முதல் பக்கத்திலேயே அந்த ஒலியை விதைத்தார் என்று நம்புகிறேன்.

தமிழில் படிப்பவருக்கு இங்கே ஒரு கொடுப்பினை உண்டு. எபிரேயத்தில் வேண்டுவதற்கு ஒரு வினை, செவிமடுப்பதற்கு வேறொரு வினை. நமக்கு இரண்டுக்கும் 'கேள்' ஒன்றே. அன்னாள் பிள்ளையைக் கேட்டாள். அந்தப் பிள்ளை இரவில் தன்னை அழைத்த குரலைக் கேட்டான். மூலத்தில் இல்லாத இந்த இணைப்பை நம் மொழி தானாகவே தந்துவிடுகிறது.

கடைசியில், 28-ஆம் அதிகாரத்தில் சவுல் கர்த்தரிடம் கேட்கிறான். மூலத்தில் வினையும் பெயரும் அடுத்தடுத்து நிற்கின்றன: 'வய்யிஷ்அல் ஷாஊல்'. பதில் இல்லை. எந்தோர் என்ற ஊரில் இரவோடு இரவாக ஒரு பெண்ணைக் கொண்டு, இறந்த சாமுவேலை எழுப்பச் செய்கிறான். எழுந்து வந்தவரோ, என்னிடம் ஏன் கேட்கிறாய் என்று அதே வினையால் அவனைத் திருப்பிக் கேட்கிறார்.