மட்டக்களப்பு வாவியின் கண்டல் காடு: அழிவும் மீள்நடுகையும்

மட்டக்களப்பு வாவி இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டி, வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. மேற்குக் கரை படுவான்கரை, கிழக்குக் கரை எழுவான்கரை. நகருக்கு அருகே பாலமீன்மடு முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றிலும் வாவி கடலோடு சேர்கிறது. மாரி வெள்ளத்தில் மணல்திட்டு தானாக உடையும். உடையாவிட்டால் ஆற்றுவாய் வெட்டி விடுவார்கள். கோடையில் வாய் மீண்டும் மணலால் அடைபடும். இலங்கைக் கரையில் கடலின் ஏற்றவற்றம் ஒரு மீற்றருக்கும் குறைவு. அதனால் வாவியின் நீர்மட்டமும் உப்பும் பெரும்பாலும் மழையையும் முகத்துவாரத்தையும் பொறுத்தே அமைகின்றன.

வாவியோரக் கண்டல் காடு இந்த நீர்மட்டத்துக்கு ஏற்ப அடுக்கடுக்காக வளர்ந்த காடு. நீரை ஒட்டிய சேற்றில் முட்டுவேர் ஊன்றிய கண்டல் நிற்கும். அதன் பின்னே, சேற்றுக்கு மேல் மூச்சுவேர்களை நீட்டிய வெண்கண்டல். வெள்ளம் எப்போதாவது எட்டும் மேட்டுப் பக்கத்தில் தில்லை. தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும் என்பதால் விறகு வெட்டுவோர் அதைத் தவிர்ப்பார்கள்.

கரையோரக் குடிகளுக்கு இந்தக் காடு நெடுங்காலம் வாழ்வாதாரமாக இருந்தது. விறகு, வேலிக்கம்பு, கொட்டிலுக்கான மரம் எல்லாம் இதிலிருந்து வந்தன. பருத்தி வலை பாவித்த காலத்தில் கண்டல் பட்டையை அவித்த சாயத்தில் வலையைத் தோய்த்தெடுப்பார்கள். பட்டையின் துவர்ப்புச் சத்து நூல் உக்காமல் காத்தது. நைலோன் வலை வந்தபின் அந்த வழக்கம் ஓய்ந்தது. வேர்களின் இடுக்கில் இறால் குஞ்சும் நண்டும் மீன் குஞ்சும் ஒதுங்கி வளர்ந்ததால், தோணியில் வலை வீசுவோரின் பிழைப்பும் காட்டோடு பிணைந்திருந்தது. குடும்பங்கள் தேவைக்கு வெட்டிய அளவை, விழுந்த கன்றுகள் முளைத்துத் தாமே ஈடு செய்தன.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தச் சமநிலை குலைந்தது.  1978ஐ அடுத்த ஆண்டுகளில் வாவியோரத்தில் இறால் பண்ணைகள் தோன்றின. குளம் வெட்டவும் வரம்பு கட்டவும் கண்டல் நிலம் எடுக்கப்பட்டது. உள்நாட்டுப் போர் மூண்டபின் பண்ணைகள் கைவிடப்பட்டு, அந்தத் தொழில் புத்தளம், சிலாபம் பக்கம் நகர்ந்தது. வரம்புகள் மட்டும் அப்படியே நின்று நீரோட்டத்தை மறித்தன. போர்க்காலத்தில் வீதிகள், பாலங்களின் ஓரத்தில் மறைவிடமாகும் என்று கண்டல் வெட்டி வெளியாக்கப்பட்டது. இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கும் விறகுக்கு வேறு வழி இருக்கவில்லை.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கண்டல் மீது புதிய கவனத்தைத் திருப்பியது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணல்திட்டில் அமைந்த நாவலடி, கல்லடிப் பகுதிகளை அலை அள்ளிச் சென்றது. அலைக்கு அரணாகக் காடு வேண்டும் என்ற எண்ணம் நாடெங்கும் பரவ, அரச, தொண்டு நிறுவனங்கள் நடுகையில் இறங்கின. ஆனால் கண்டலுக்கு அமைதியான சேறு வேண்டும். திறந்த கடலின் மணற்கரையில் அது பிடிக்காது. ஆகவே கிழக்கில் கண்டல் நடக்கூடிய இடம் வாவிக் கரைகள்தான்.

நடுகைக்கான கன்றைக் காடே தருகிறது. கண்டலின் விதை தாய்மரத்திலேயே முளைத்து, பச்சைக் கோலாக நீண்டு தொங்கும். பெருங்கண்டல் எனும் இனத்தில் அது அரை மீற்றரையும் தாண்டும். முற்றிய கோலின் தலைப்பில், காயோடு சேரும் இடத்தில், மஞ்சள் நிற வளையம் தெரியும். அதைப் பார்த்தே சேகரிப்பவர்கள் பறிப்பார்கள், அல்லது மரத்தடியில் விழுந்து மிதப்பதைப் பொறுக்குவார்கள். வளைந்ததும் வண்டு துளைத்ததும் கழிக்கப்படும். நல்ல கோலின் கூரிய முனையைச் சேற்றில் மூன்றில் ஒரு பங்கு வரை நேராகச் செருகிவிட்டால், வேறு வேலை இல்லாமலே வேர் விடும். வெண்கண்டல் விதை சிறியது. அதை நீரில் ஊறவைத்து, தோல் கழன்றபின் பொலித்தீன் பைகளில் முளைக்கவைத்து, சில மாதங்கள் நாற்றுமேடையில் நிழலில் வளர்த்தே நட வேண்டும். காட்டில் தானாக முளைத்த கன்றைப் பெயர்ப்பதானால், முட்டுவேர் விடுமுன், வேரைச் சுற்றிய சேறு உதிராமல் தோண்டி எடுப்பார்கள். வேர் அறுந்த கன்று உப்பு நீரைத் தாங்காது.

நடுவது இவ்வளவு எளிதாக இருந்ததே தவறுக்கும் வழி விட்டது. கிடைப்பதற்கு இலகுவான கண்டல் கோலையே எல்லா இடத்திலும் செருகினார்கள். நிலத்தின் உயரத்தைப் பார்க்கவில்லை. தாழ்ந்த சேற்றில் நட்டவை மாதக்கணக்கில் நீருள் மூழ்கி அழுகின. மேட்டில் நட்டவை கோடை உப்பில் காய்ந்தன. பாசி படர்ந்து சில சாய்ந்தன. மாடுகள் மிதித்தும் சில போயின. இலங்கையின் 23 நடுகை இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நடப்பட்டதில் சுமார் 200 முதல் 220 ஹெக்டேயரே காடாகியதாகக் கண்டது. 9 இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் கன்றுகள் பிழைத்த இடங்களான கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு ஆகிய மூன்றும் மேற்குக் கரையில் உள்ளவை. நட்டபின் பராமரித்த இடங்களில் கன்றுகள் கூடுதலாகப் பிழைத்ததையும் அந்த ஆய்வு காட்டியது.

நிலத்தையும் நீரையும் பார்த்தே நட வேண்டும் என்ற பாடத்தைத் தமிழ்நாட்டின் பிச்சாவரம் முன்பே கற்றிருந்தது. அங்கே மொத்தமாக வெட்டப்பட்ட நிலம் காய்ந்து அமிழ்ந்து பள்ளமானது. தேங்கிய நீர் வற்றி உப்பேறியது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, கடல்நீர் வந்து போக வழி செய்தபின் நட்டன; காடு திரும்பியது. மட்டக்களப்பில் கைவிடப்பட்ட இறால் குளங்களுக்கும் இந்த முறை பொருந்தும். வரம்பை உடைத்து நீரை விட்டால், அருகில் தாய்மரம் இருக்குமானால் மிதந்து வரும் கோல்களே அங்கு ஊன்றிக்கொள்ளும். தாய்மரம் இல்லாத இடத்தில்தான் சேகரித்து நடும் தேவை வருகிறது.

2015இல் இலங்கை தன் எஞ்சிய கண்டல் காடுகள் அனைத்தையும் காக்கும் திட்டத்தை அறிவித்தது; கரையோரப் பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் அதன் முக்கிய அங்கம். நாட்டின் கண்டல் மீட்புப் பணியை 2024 பெப்ரவரியில் ஐக்கிய நாடுகள் சபை உலகின் முன்னோடி மீட்புத் திட்டங்களுள் ஒன்றாக ஏற்றது. மண்ணையும் நீரையும் முதலில் ஆராய்ந்து, பின்னரே இனத்தைத் தெரிவது அந்தப் பணியின் முறை. வாவியில் இன்று நடுகைக்கு இறங்குவோர் முதலில் முகத்துவாரம் திறந்த காலத்திலும் அடைபட்ட காலத்திலும் நீர் எதுவரை எட்டுகிறது என்று பார்க்க வேண்டும். நீரோரத்துக்குக் கண்டல், அதன் பின்னே வெண்கண்டல், மேட்டுக்குத் தில்லை என்று பழைய அடுக்குப்படி நட வேண்டும். கன்று வேர் ஊன்றும் வரை மாடு புகாமல் வேலி காத்து, செத்தவற்றுக்குப் பதில் நட்டுவர வேண்டும்.