போடியில் சந்திக்காமல் போன இரண்டு ரயில்கள்

கிழக்கும் மேற்கும் சந்தித்த ஊர் என்றதும் கொச்சி, தரங்கம்பாடி, பாண்டிச்சேரி என்று கடற்கரை ஊர்களைத்தான் எல்லோரும் சொல்வார்கள். கடலே இல்லாத போடிநாயக்கனூரை யாரும் சொல்வதில்லை. ஆனால் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய மூணாறு தேயிலை ஒரு காலத்தில் இந்த ஊர் வழியாகத்தான் போனது!

1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைப் பூஞ்சாறு அரச குடும்பத்திடம் குத்தகைக்கு எடுத்தார். சின்கோனா, காபி எல்லாம் போட்டுப் பார்த்து, கடைசியில் தேயிலைதான் நிலைத்தது. முதல் போட்டது வெள்ளைக்காரர்கள், கொழுந்து கிள்ளியது சமவெளியிலிருந்து மலையேறிய தமிழர்கள். தேயிலை கீழே இறங்க வேண்டும், அரிசி மேலே ஏற வேண்டும். மலையோ செங்குத்து.

அதற்காக 1902-இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். அதில் வண்டியை இழுத்தவை மாடுகள்! சீமைத் தண்டவாளமும் நம்மூர் மாடும் சேர்ந்த இந்த வண்டியைவிட நல்ல 'கிழக்கு-மேற்கு' உதாரணம் கிடைப்பது கஷ்டம். 1908-இல் குட்டி நீராவி ரயில் வந்தது. டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வே வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கும் தேயிலை, அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர் மாட்டுவண்டியில் போடிக்கு வரும்.

1924 ஜூலையில் பெய்த பேய்மழை அந்த மலை ரயிலை அடித்துக்கொண்டு போனது. மறுபடி யாரும் அதைக் கட்டவில்லை. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்ததோ 1928-இல். நான்கே வருடம்! மலை ரயிலும் சமவெளி ரயிலும் ஒன்றின் விசிலை மற்றொன்று கேட்கவே இல்லை. போடி ரயிலுக்கும் நிம்மதி இல்லை. உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், பிறகு மறுபடி போட்டார்கள். அகலப் பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்தப்பட்டது, 2023 ஜூனில்தான் திரும்ப வந்தது. வெறும் 90 கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் என்றால் கொஞ்சம் அதிகம்தான்.

தேயிலை வேறு வழி போய்விட்டாலும் ஏலக்காய் போடியை விடவில்லை. இது வெளியிலிருந்து வந்த பயிர் அல்ல, இந்த மலைகளின் சொந்தப் பிள்ளை. இங்கே ஏலத்துக்கே ஏலம் நடக்கிறது, இப்போது கம்ப்யூட்டரில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவுக்கு ஏலச்செடியைக் கொண்டுபோனார். இன்று உலகில் அதிகம் விளைவது அங்கேதான். அங்கே விளைச்சல் கூடினால் போடி வியாபாரிக்கு இங்கே கவலை.

1956-இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவோடு சேர்ந்தன. மலை ஒரு மாநிலம், அடிவாரம் ஒரு மாநிலம். ஆனாலும் தினமும் விடியும் முன்பே தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகள் போடிமெட்டு ஏறுகின்றன.

குரங்கணியிலிருந்து மலையேறுகிறவர்கள் வழியில் ஒரு சிற்றூரைக் கடப்பார்கள். பெயர் சென்ட்ரல் ஸ்டேஷன். ரோப்வே நின்றுபோன இடம் அது. ரயில் மட்டும் அங்கே ஒருநாளும் வந்ததில்லை.