தாப்பா மலைச்சாலையும் இழுவண்டியும்

மலேசியாவின் பேராக்கில் உள்ள தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குச் சாலை போட்டவர்கள் முகாமையும் கூடவே தூக்கிக்கொண்டுதான் மலை ஏறினார்கள். வில்லியம் கேமரன் அந்த மேட்டுநிலத்தை அளந்துவிட்டு வந்தது 1885இல். அங்கே சக்கரம் உருள வழி பிறக்க அதன் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1920களின் பிற்பகுதியில் வேலை சூடுபிடித்தது; 1930களின் தொடக்கத்தில் சாலை மலைமேல் இருக்கும் தானா ராத்தாவை எட்டியது. நீராவி இயந்திரங்களையும் கனத்த தளவாடங்களையும் சரிவில் ஏற்றுவதே பெரும்பாடாக இருந்தது. சாலை நீள நீளப் பட்டறையும் தொழிலாளர் குடிசைகளும் அதன் பின்னாலேயே இடம்பெயர்ந்தன. மலேரியாக் காய்ச்சல் ஆட்களை வாட்டி எடுத்தது.

இன்று ஹைலக்ஸ் பிக்கப்பின் பின்னால் ஒரு கூடார டிரெய்லரை மாட்டிக்கொண்டு லாத்தா இஸ்கண்டார், கோலா வோ பக்கம் போய் ஆற்றோரம் தங்க விரும்புகிறவர், அந்த டிரெய்லரைச் சொந்தப் பட்டறையிலேயே செய்துகொள்ள நினைத்தால் சில கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். அச்சு எங்கே அமைய வேண்டும்? சக்கரம் எந்த அளவில் இருக்க வேண்டும்? கொக்கி எப்படித் திரும்ப வேண்டும்? இவற்றுக்கெல்லாம் இந்த வட்டாரத்தில் ஓடிய மாட்டுவண்டியும், ஜீப்பும், லேண்ட்ரோவரும், தோட்டத்து டிராக்டரும் ஆளுக்கொரு விடையை விட்டுச்சென்றிருக்கின்றன.

தெலுக் ஆன்சனிலிருந்து தாப்பா ரோட்டுக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1893இல். அந்தத் துறைமுக ஊர்தான் இன்றைய தெலுக் இந்தான். ரயில் வந்த பிறகும் ஈயச் சுரங்கத்துக்கும் நிலையத்துக்கும் இடையே சரக்கை ஏற்றி இறக்கியவை மாட்டுவண்டிகளே. பேராக்கின் பாதைகளில் அந்த வண்டிகளை ஓட்டியவர்களில் தமிழர்கள் ஏராளம். முன்பாரம், பின்பாரம் என்று அவர்கள் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தது வெறும் பழக்கமல்ல. பாரம் அச்சுக்குப் பின்னால் போய்விட்டால் நுகத்தடி மேலே எழும்பி, கழுத்துக் கயிறு மாட்டின் குரல்வளையை இறுக்கும். முன்னால் கூடிவிட்டால் மாட்டின் கழுத்து புண்ணாகும். நுகத்தைக் கையால் ஒருமுறை தூக்கிப் பார்த்தே வண்டிக்காரர் மூட்டைகளை நகர்த்தி வைப்பார். டிரெய்லர் கட்டுகிறவர்கள் இன்று மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மீது விழவேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அதற்கு மிகவும் குறைந்தால் வேகம் கூடும்போது டிரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும். ஆட்டம் முற்றினால் முன்னால் போகும் வண்டியையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். தண்ணீர்த் தொட்டியை அச்சுக்குப் பின்னால் வைத்துவிட்டு அடுப்புப் பெட்டியை முன்னால் வைக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். தொட்டி நிறைந்தால் பின்பாரம், காலியானால் முன்பாரம் என்று வண்டியின் குணம் ஒரே பயணத்தில் மாறிக்கொண்டிருக்கும்.

கரடுமுரடான பாதைக்கென்றே வடிவமைத்த டிரெய்லர்களில் உலகெங்கும் பரவிய ஒரு மாதிரி இரண்டாம் உலகப்போரில் வந்தது. அதன் கதை சற்று வருத்தமானது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் நகரில் இருந்த அமெரிக்கன் பேண்டம் என்ற சிறு நிறுவனம், ராணுவம் கேட்ட சிறிய நாலுசக்கர இழுவை வண்டியின் முதல் மாதிரியை 1940 செப்டம்பரில் ஒப்படைத்தது. அதுவே ஜீப்பின் முதல் உருவம். ஆனால் பெரும் ஒப்பந்தங்கள் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயின. தான் பெற்ற பிள்ளையைப் பிறர் வளர்க்க, பேண்டம் போர்க்காலத்தின் மீதியெல்லாம் முக்கியமாக டிரெய்லர் செய்துகொண்டிருந்தது. ஆனாலும் அந்தக் கால் டன் டிரெய்லரில் பேண்டம் காட்டிய அறிவு இன்றுவரை பழசாகவில்லை. ஜீப்பின் அதே 16 அங்குலச் சக்கரம், ஜீப்பின் இரு சக்கரங்களுக்கு இடையிலான அதே அகலம். முன்வண்டி சேற்றில் அழுத்திவிட்டுப் போன தடத்திலேயே பின்வண்டியும் உருளும்; புதுத் தடம் வெட்டும் வேலை அதற்கு இல்லை. ஒரு டயர் வெடித்தால் இரண்டுக்கும் ஒரே மாற்றுச் சக்கரம் போதும். தண்ணீர் புகாத தொட்டியாகச் செய்திருந்ததால் ஆழமான ஆற்றில் அது மிதந்தது. உள்ளே தேங்கும் நீரை வெளியேற்ற அடியில் அடைப்பான்களும் உண்டு.

சக்கர அகலத்தை ஒத்துப்போக வைப்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் மழை பெய்த மறுநாள் செம்மண் பாதையில் ஒரு குறுகிய டிரெய்லர் படும் பாட்டைப் பார்த்தால் புரியும். பிக்கப்பின் இரு தடங்களுக்கு நடுவே எழும்பி நிற்கும் மேட்டின் மேல் ஒரு சக்கரம், பள்ளத்தில் ஒரு சக்கரம் என்று அது சாய்ந்தே போகும். வீட்டில் டிரெய்லர் செய்கிறவர் மற்ற யோசனை எதை விட்டாலும் இதை விடக்கூடாது. மலேசியாவில் இன்று ஓடும் ஹைலக்ஸ், டிரைட்டன், டி-மேக்ஸ் ஆகிய மூன்றுமே 139.7 மில்லிமீட்டர் வட்டத்தில் ஆறு போல்ட் கொண்ட சக்கரத்தைப் பயன்படுத்துவதால் வேலை எளிது. முன்வண்டியின் வகையையே சேர்ந்த பழைய பிக்கப்பின் ஹப்பை வாங்கி அச்சில் பொருத்தினால் முன்வண்டியின் சக்கரம் அப்படியே ஏறிவிடும். பழைய லேண்ட்ரோவர் டிஃபெண்டர் வைத்திருப்பவருக்கு வேறு ஹப் தேவை. அதன் போல்ட் ஐந்துதான், வட்டமும் பெரிது.

போர் முடிந்ததும் ஜீப் மலாயாவின் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் புழங்கத் தொடங்கியது. அதன் சகோதரன் என்று சொல்லத்தக்க லேண்ட்ரோவர் 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. ரோவர் நிறுவனத்தின் மோரிஸ் வில்க்ஸ் முதல் மாதிரியை ஜீப்பின் அடிச்சட்டத்தின் மேலேயே கட்டியிருந்தார். எஃகுக்குக் கட்டுப்பாடு இருந்த காலம் என்பதால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அதே ஆண்டு ஜூனில் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கொல்லப்பட, மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. தோட்டத்துத் துரைமார் தங்கள் வண்டிகளுக்கு இரும்புத் தகடு அடித்துக் கவசம் கட்டிக்கொண்டார்கள். அந்தக் கவசத்தில் கணிசமான பகுதி உள்ளூர்ப் பட்டறைகளின் கைவேலை. வெட்டி ஒட்டி வண்டியை வேறு வேலைக்குத் திருப்பும் கைப்பழக்கம் இந்த மண்ணில் முகாம் டிரெய்லர் என்ற எண்ணம் வருவதற்கு வெகு முன்பே ஊறிப்போயிருந்தது.

மலைமேல் அது இன்னும் ஆழமாக ஊறியது. கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் சிம்பாங் புலாய் பாதை திறக்கும்வரை மேலே போக தாப்பாவை விட்டால் வேறு தார்ச்சாலை கிடையாது. காய்கறித் தோட்டங்களின் செங்குத்தான மண்பாதைகளில் பழைய லேண்ட்ரோவர்கள் இன்றும் முட்டைக்கோஸும் தக்காளியும் சுமக்கின்றன. பின்பக்கத்தை அறுத்து நீட்டியவை, கம்பிச் சட்டம் எழுப்பியவை, வேறு வண்டியின் டீசல் என்ஜினை ஏற்றியவை என்று ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. உதிரிபாகம் எதுவானாலும் இன்னொரு வண்டியிலிருந்து கழற்றிப் பொருத்தலாம் என்ற அந்த வசதிதான் அவற்றை இத்தனை காலம் உயிரோடு வைத்திருக்கிறது.

கீழே, சமவெளியில் ஆண்டது டிராக்டர். ஹாரி ஃபெர்குசனின் சாம்பல் நிற டிராக்டர் 1946இல் இங்கிலாந்தின் கோவன்ட்ரியில் உற்பத்திக்கு வந்தது. அவருடைய டிரெய்லரில் அச்சு நடுவில் இல்லாமல் நன்றாகப் பின்னால் தள்ளியிருந்தது. பாரத்தின் ஒரு பகுதி டிராக்டரின் கொக்கியில் இறங்கி அதன் பின்சக்கரங்களை மண்ணில் அழுத்தும். பாரம் கூடக்கூடப் பிடிமானமும் கூடும். ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட காலத்தில் மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களும் அவற்றின் டிரெய்லர்களும் குலைகளோடு ஆட்களையும் ஏற்றிச் சென்றன. லயத்தில் வளர்ந்த பலருக்கு முதல் சவாரி அந்த டிரெய்லரில்தான். வெயிலிலும் மழையிலும் அதில் நின்றுகொண்டே வேலைக்குப் போனவர்களின் உழைப்பு இந்த வரலாற்றில் சக்கரத்துக்கும் அச்சுக்கும் முன்னால் வைத்துப் பேசப்பட வேண்டியது.

தோட்டத்து உழைப்பின் இன்னொரு விளைச்சலான ரப்பர் டிரெய்லரின் அடியிலேயே போய்ச் சேர்ந்தது. 1877இல் சிங்கப்பூர் வந்த ரப்பர் கன்றுகளில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. பேராக்கின் ரப்பர் வரலாறு அங்கே தொடங்குகிறது. அதற்கு முன்பே இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன் ஊரில் மோல்டன் குடும்பம் ரப்பர் ஆலை நடத்திக்கொண்டிருந்தது. அக்குடும்பத்தில் பிறந்த அலெக்ஸ் மோல்டன் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பரையே வண்டியைத் தாங்கவைக்கும் வழிகளை ஆராய்ந்தார். வெளியே ஒரு குழாய், உள்ளே ஒரு தண்டு, இரண்டுக்கும் நடுவே இறுகப் பிடித்த ரப்பர். சக்கரம் மேடேறும்போது தண்டு முறுகும். ரப்பர் அதைத் திருப்பித் தள்ளும். ஃப்ளெக்சிட்டர் என்று பெயரிட்ட இந்த அமைப்பைக் கொண்டு 1958இல் ஆஸ்டின் ஜிப்சி என்ற நாலுசக்கர இழுவை வண்டி வந்தது. லேண்ட்ரோவருக்கு நேர்ப் போட்டி. நான்கு சக்கரமும் தனித்தனியே மேலும் கீழும் ஆடியதால் கரட்டுப் பாதையில் அது லேண்ட்ரோவரைவிடச் சொகுசாகவே போனது. ஆனால் எஃகு உடல் துருப்பிடித்தது. வாங்குகிறவர்களின் நம்பிக்கை பழைய பட்டை ஸ்பிரிங்கை விட்டு நகரவில்லை. 1960களில் அதே ஜிப்சியைப் பட்டை ஸ்பிரிங் பொருத்தியும் விற்க வேண்டியதாயிற்று. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உற்பத்தியும் நின்றது.

வண்டி தோற்றாலும் அதன் ரப்பர் தோற்கவில்லை. அதே கோட்பாட்டில் இயங்கும் ரப்பர் அச்சு இன்று உலகெங்கும் சிறு டிரெய்லர்களையும் கேரவன்களையும் தாங்குகிறது. எண்ணெய் வேண்டாம், கிரீஸ் வேண்டாம். ரப்பர் அதிர்ச்சியைத் தானே ஓரளவு விழுங்கிவிடுவதால் தனி ஷாக் அப்சார்பர் கூடத் தேவைப்படுவதில்லை. அடியில் இடம் அடைக்காது என்பதால் படுக்கைப் பெட்டியைத் தாழ்வாக வைக்கலாம். இத்தனை இருந்தும், தாப்பாவின் காட்டுப்பாதைக்கு வண்டி செய்கிறவர் பட்டை ஸ்பிரிங்கைத் தேர்ந்தால் அதுதான் சரி. பட்டை ஒன்று உடைந்தால் மரக்கட்டையை வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டி மெதுவாக ஊர் வந்து சேரலாம். பழைய பிக்கப்பின் பட்டை ஈப்போவின் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். ரப்பர் அச்சு காட்டுக்குள் கைவிட்டால் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். பெரும்பாலும் அச்சு முழுவதையும் மாற்ற வேண்டிவரும். ஸ்பிரிங்கை அச்சுக்கு மேலே அமைத்தால் டிரெய்லர் பாறைக்கு எட்டாமல் உயரும், ஆனால் சாயும் ஆபத்தும் கூடவே உயரும். கூரைமேல் கூடாரம் வைக்கிறவர்கள் இதை இரண்டுமுறை யோசிக்க வேண்டும்.

கொக்கியில் ராணுவம் சொன்னதே இன்றும் நிற்கிறது. தார்ச்சாலைக்கான உருண்டைக் கொக்கி ஓரளவுக்குமேல் முறுகாது. ராணுவ டிரெய்லரில் முன்வண்டியின் கொக்கிக்குள் ஒரு இரும்பு வளையம் விழும். அந்த வளையமே தன் தண்டில் சுழலக்கூடியது என்பதால் டிரெய்லர் பக்கவாட்டில் கவிழ்ந்தாலும் முன்வண்டியை இழுத்துக்கொண்டு போகாது. பிரிட்டிஷ் ராணுவத்தில் லேண்ட்ரோவரின் பின்னால் ஓடிய ஸாங்கி டிரெய்லரிலும் இதே ஏற்பாடு.

எல்லா யோசனையும் பலிக்கவில்லை. டிரெய்லரின் சக்கரங்களுக்கும் என்ஜின் விசையைக் கொடுத்தால் என்ன என்று பிரிட்டனில் முயன்றார்கள். 1970களின் லேண்ட்ரோவர் 101 என்ற ராணுவ வண்டிக்கு அப்படியொரு விசை டிரெய்லரே தயாரானது. நேரே ஏறும்போது அபாரம். திருப்பத்தில் பின்வண்டி முன்வண்டியை நெட்டித் தள்ளிக் கவிழ்க்கப் பார்த்தது. திட்டத்தைக் கைவிட்டார்கள். தாப்பா சாலையின் வளைவுகளை அறிந்தவர்களுக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

வீட்டில் செய்த டிரெய்லரைப் பொதுச்சாலையில் ஓட்ட 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதியும் பதிவும் வேண்டும். வெட்டி ஒட்டி முடித்தபின் அலைவதைவிட, அளவும் பிரேக்கும் விளக்கும் எப்படி இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

பிரேக்கைப் பொறுத்தவரை பழைய ஜீப் டிரெய்லரைப் பின்பற்றக்கூடாது. அதில் நிறுத்தி வைப்பதற்கான கைப்பிரேக் மட்டுமே உண்டு. முழுப் பொறுப்பும் ஜீப்பினுடையது. பின்னர் வந்த பல டிரெய்லர்களில், பின்வண்டி முன்வண்டியைத் தள்ளும்போது அந்தத் தள்ளலிலேயே இறுகும் பிரேக் பொருத்தப்பட்டது. சமவெளியில் அது அருமையாக வேலை செய்யும். ஆனால் கேமரன் மலையிலிருந்து இறங்கும்போது தள்ளல் நிற்பதே இல்லை. பிரேக்கும் விடாமல் உரசிச் சூடேறிக்கொண்டே வரும். தாழ்ந்த கியரில் என்ஜினை இழுத்துப்பிடிக்க விட்டு இறங்குவதும், ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இயக்கும் மின்பிரேக்கைப் பொருத்துவதும் இதற்கு வழி. சூடான ஹப்போடு ஆற்றில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும்; பேரிங்கின் கிரீஸ் கெடும். அதனால் இறங்கும் வழியில் ரிங்லெட்டில் ஒருமுறை, லாத்தா இஸ்கண்டாரில் ஒருமுறை வண்டியை நிறுத்தி, புறங்கையை ஹப்பின் அருகே கொண்டுபோய்ச் சூடு பார்ப்பது நல்லது. கை பொறுக்காத சூடு இருந்தால் அது ஆறும்வரை காத்திருந்துவிட்டுத்தான் தாப்பாவை நோக்கி இறங்கவோ, ஆற்றுப்பக்கம் திரும்பவோ வேண்டும்.