கெர்களைத் தேடிச் சென்ற குரல்

மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் 1934 செப்டம்பர் 1 அன்று வானொலி ஒலிபரப்பு தொடங்கியபோது, ஏறத்தாழ 15.6 லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்த அந்நாட்டில் எட்டு லட்சம் பேர்கூட வாழவில்லை. அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் பருவத்துக்கேற்ப மந்தைகளுடன் இடம்பெயரும் மேய்ப்பர்கள். ஓரிடத்தில் நில்லாத வீட்டுக்குக் குரலைக் கொண்டுசேர்ப்பது எப்படி என்ற கேள்வியே மங்கோலிய மொழி ஒலிபரப்பை ஆழமாக உருவாக்கியது. ஆட்சி மாற்றங்களை மட்டும் வைத்து இவ்வரலாற்றை எழுதினால் அதில் பாதி விடுபட்டுப் போகும்.

சோவியத் ஒன்றியத்தில் பரவியிருந்த கம்பிவழி வானொலியே முதலில் பின்பற்றப்பட்டது. நிலையத்திலிருந்து கம்பி இழுத்து, வீட்டுச் சுவரில் ஓர் ஒலிபெருக்கியைப் பொருத்தும் இம்முறையில், கேட்பவர் ஒலியளவைக் கூட்டவோ குறைக்கவோ முடியுமே தவிர, வேறு நிலையத்துக்கு மாற முடியாது. ஐமக் எனப்படும் மாகாணங்களின் தலைமை ஊர்களுக்கும், அவற்றின் உட்பிரிவுகளான சும்களின் தலைமையிடங்களுக்கும் இது பொருந்தியது. ஆனால், மடக்கக்கூடிய மரச்சட்டத்தின் மேல் ஆட்டுரோமக் கம்பளத்தைப் போர்த்தி எழுப்பும் வட்ட வீடான கெர், சில மணி நேரத்தில் பிரிக்கப்பட்டு ஒட்டகத்தின் முதுகிலோ வண்டியிலோ ஏறிவிடும். கம்பி அதைத் தொடர்ந்து போக இயலாது.

அந்த இடைவெளியை நிரப்பியவை நெட்டலையும் மின்கலத்தில் இயங்கும் வானொலிப் பெட்டியும்தான். உலான்பாத்தருக்கு அருகிலிருந்து 164 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பப்பட்ட அலையின் நீளம் 1,800 மீட்டருக்கும் மேல். இத்தகைய நீண்ட அலைகள் நிலத்தின் வளைவை ஒட்டியே செல்வதால், குன்றுகளுக்கு அப்பாலுள்ள பள்ளத்தாக்கிலும் பகற்பொழுதில் தெளிவாகக் கேட்கும். ஐரோப்பிய நாடுகள் பலவும் நெட்டலையைக் கைவிட்ட பின்னரும் மங்கோலியா அதை விடாமல் வைத்திருந்ததைப் பின்தங்கிய நிலையாகக் கருதுவது தவறு. அந்நிலத்துக்கு அதுவே பொருத்தமான கருவியாக இருந்தது.

மேய்ப்பர்களுக்கு வானொலியின் முதற்பயன் வானிலை அறிவிப்பு. ஆழ்ந்த பனியோ இறுகிய பனிக்கட்டியோ புல்லை மூடி, கால்நடைகள் கூட்டம் கூட்டமாக மடியும் கொடுங்குளிர்காலத்தை மங்கோலியர் ‘ஜுத்’ என்பர். அத்தகைய குளிரில் புயலைப் பற்றிய செய்தி முன்கூட்டியே கிடைப்பது ஒரு குடும்பத்தின் வாழ்வாதாரத்தையே காக்கும். உர்த்தின் தூ எனப்படும், ஓரசையை நெடுநேரம் நீட்டிப் பாடும் பாட்டையும், குதிரைத்தலை செதுக்கிய மோரின் ஹூர் என்ற இருநரம்பு இசைக்கருவியையும் பதிவு செய்து வானொலி சேர்த்த களஞ்சியம், நாட்டின் பெருஞ்செல்வங்களுள் ஒன்று. மொழிக்கு நேர்ந்த மாற்றம் இதைவிட நுண்மையானது: 1940களில் பழைய செங்குத்து எழுத்தின் இடத்தைச் சிரில்லிக் எழுத்து பிடித்த அதே காலத்தில், எழுத்தறியாதவரின் காதுக்கும் ஹல்ஹா வட்டாரப் பேச்சு பொதுமொழியாக எட்டியது. எல்லைக்கு அப்பால், சீனாவின் உள்மங்கோலியாவில் 1950இல் நிறுவப்பட்ட வானொலி நிலையத்தின் வழி வந்த ஒலிபரப்போ பிற்காலத்தில் சஹார் வட்டார உச்சரிப்பை அளவுகோலாகக் கொண்டது. ஆகவே ஒரே மொழிக்கு வானலையில் இரு செவ்வடிவங்கள் அமைந்தன.

தொலைக்காட்சி 1967 செப்டம்பர் 27 அன்று சோவியத் உதவியுடன் தொடங்கியது. 1970களின் தொடக்கத்தில் ‘நரான்’, அதாவது சூரியன், என்ற பெயரில் இயங்கத் தொடங்கிய செயற்கைக்கோள் தரைநிலையம் மாஸ்கோ நிகழ்ச்சிகளை நேரடியாகக் கொண்டுவந்தபோதிலும், மின்சாரமில்லாத கெர்களுக்குத் தொலைக்காட்சி நெடுங்காலம் எட்டாத பொருளாகவே இருந்தது. 1990இன் ஜனநாயக மாற்றத்துக்குப் பின் தனியார் நிலையங்கள் தோன்றின. 1998ஆம் ஆண்டின் ஊடகச் சுதந்திரச் சட்டம் அரசு ஊடகங்களை வைத்திருப்பதைத் தடை செய்தது. ஆயினும் அரசு வானொலியும் தொலைக்காட்சியும் பொது ஒலிபரப்பு நிறுவனமாக மாறுவதற்கு 2005ஆம் ஆண்டில் தனிச் சட்டமே வேண்டியிருந்தது.

கெர்களின் நிலையை மாற்றியது சட்டமன்று, சூரிய மின்தகடு. 2000இல் தொடங்கிய ‘ஒரு லட்சம் சூரியக் கெர்’ திட்டத்தின்கீழ் 2012க்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மேய்ப்பர் குடும்பங்கள் மானிய விலையில் சிறு மின்தகடுகளைப் பெற்றன. இடம்பெயரும் நாளில் கம்பளச் சுருள்களோடும் கூரைக் கழிகளோடும் மின்தகடும், செயற்கைக்கோள் கிண்ண ஏற்பியும், தொலைக்காட்சிப் பெட்டியும் ஒரே வண்டியில் ஏற்றப்படுகின்றன. புதிய இடத்தில் வாசல் தெற்கு நோக்கும்படி கெரை நிறுத்திய பின், ஏற்பியை அலைக்கேற்பத் திருப்பி வைக்கிறார்கள்.