குற்றாலத்துக் கொக்கோவும் பம்பாய்ச் சாக்லேட்டும்

கிழக்கிந்தியக் கம்பெனியார் 1798இல் குற்றாலத்தில் நட்ட கன்றுகளே இந்தியாவில் கொக்கோப் பயிரின் தொடக்கம் என வேளாண் நூல்கள் குறிக்கின்றன. எனினும், 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாயின் தாராவிக்குக் குடிபெயர்ந்தோரின் சந்ததியினர், தம் ஊர்ப்பக்கத்து மலையில் என்றோ நடப்பட்ட மரத்தின் பண்டத்தை ஆங்கிலேய நிறுவனமொன்றின் உறையில் வாங்கித் தின்ன நேர்ந்தது வரலாற்றின் குறும்பே.

மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்கள் மிளகாய் சேர்த்துக் குடித்த கசப்புப் பானத்தை, 1847இல் பிரிஸ்டல் நகரத்து ஃபிரை நிறுவனம் கடித்துத் தின்னும் கட்டியாக்க, 1875இல் சுவிட்சர்லாந்தின் டேனியல் பீட்டர் அதில் பாலைச் சேர்த்தார். பம்பாயில் ஆங்கிலேய நிறுவனமான கேட்பரி 1948இல் இறக்குமதியோடு வணிகம் தொடங்கியபோது, அதே ஆண்டில் வந்த போர்ன்விட்டா, அதாவது முளைகட்டிய தானியச் சாறான மால்ட்டும் கொக்கோவும் கலந்த தூள், சாக்லேட்டை மீண்டும் பானமாக்கியது. மாட்டுங்கா, செம்பூர்த் தமிழ் வீடுகளில் பெரியவர்களின் டிகிரி காப்பிக்குப் பக்கத்தில் பிள்ளைகளின் டம்ளரில் அது இடம்பிடித்தது. கொக்கோ விதையின் கொழுப்பு ஏறத்தாழ 34 பாகை செல்சியஸில் உருகிவிடுவதால், மே மாத மும்பையில் கட்டியைவிடத் தூளே பாதுகாப்பானது என்பதையும் மறக்கலாகாது.

1965இல் கேட்பரி வயநாட்டில் கொக்கோச் சாகுபடிக்கு வழிகாட்டத் தொடங்கியது. பின்னர் விலை சரிந்து, உழவர் மரங்களை வெட்டும் நிலை வந்தபோது, காம்ப்கோ கூட்டுறவுச் சங்கம் கொள்முதலில் இறங்கி, 1986இல் கர்நாடகத்தின் புத்தூரில் சொந்த ஆலையைத் திறந்தது.