விண்டோஸ் புதுப்பிப்பு முடக்கம்

விண்டோஸ் இயங்குதளத்தில் புதுப்பிப்புகள் நிறுவப்படும்போது திரையில் ஏறிவரும் விழுக்காட்டு எண் ஓரிடத்தில் நின்றுவிட, கணினி தொடங்கவும் முடியாமல் அணையவும் முடியாமல் கிடக்கும் நிலை புதுப்பிப்பு முடக்கம் எனப்படும். 'அப்டேட்டில் மாட்டிக்கொண்டது' என்பது பேச்சுவழக்கு. இதைப் பார்த்தவுடன் ஃபார்மட் செய்துவிடலாம் என்று சொல்லும் பழக்கம் பழுதுபார்ப்பவர்களிடையே உண்டு. ஆனால் அது கடைசி வழி. பெரும்பாலான முடக்கங்கள் பயனரின் கோப்பு ஒன்றுகூட இழக்காமல் தீரக்கூடியவை.

வரலாறு

விண்டோஸ் 95 காலத்தில் திருத்தங்களை வேண்டியவர் தேடி எடுத்து நிறுவிக்கொண்டார். 1998 ஜூனில் விண்டோஸ் 98 வந்தபோது 'விண்டோஸ் அப்டேட்' என்ற இணையதளமும் உடன் வந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் அதைத் திறந்தால், கணினியில் எவை விடுபட்டுள்ளன என்று சோதித்துப் பட்டியலிடும். பயனர் தேர்ந்தெடுத்தால்தான் எதுவும் இறங்கும். 2000 செப்டம்பரில் வெளியான விண்டோஸ் மில்லேனியம் பதிப்புதான் தானியங்கிப் புதுப்பிப்பை முதலில் கொண்டுவந்தது.

வசதியாக இருந்த இந்த ஏற்பாட்டைத் தவிர்க்க முடியாததாக்கியவை புழுநிரல்கள். 2003 ஜனவரி 25 அன்று எஸ்கியூஎல் ஸ்லாமர் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் வெளியாகி ஆறு மாதமாகியிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 11-இல் பரவத் தொடங்கிய பிளாஸ்டர் புழுவுக்கும் ஜூலை 16-ஆம் தேதியே திருத்தம் வந்துவிட்டது. மருந்து கையிலிருந்தும் போட்டுக்கொள்ளாததால் வந்த கேடுகள் இவை. அக்டோபர் 2003 முதல் மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை திருத்தங்களை ஒன்றாக வெளியிடத் தொடங்கியது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணிக்கு அவை வெளியாகும்போது இந்தியாவில் செவ்வாய் இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. ஆகவே தமிழ்நாட்டு அலுவலகங்களுக்கு இது புதன்கிழமைக் காலைச் சங்கடம். 2004 ஆகஸ்டில் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2, தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கிவைக்கும்படி பயனரை வற்புறுத்தியது.

இன்று நாம் அறிந்த முடக்கத்தின் வடிவம் 2007 ஜனவரியில் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவோடு உருவானது. இணையதளத்தை விட்டுப் புதுப்பிப்பு கணினிக்குள்ளேயே குடியேறியது. இயங்குதளம் முழுவதும் சிறுசிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கூறின் பதிப்புகளும் வின்எஸ்எக்ஸ்எஸ் என்னும் கோப்புறையில் சேமிக்கப்பட்டன. செய்யவேண்டிய மாற்றங்கள் ஒரு பட்டியலாக எழுதி வைக்கப்பட்டு, கணினி அணையும்போதும் மீண்டும் எழும்போதும் நிலைநிலையாக நிறைவேற்றப்பட்டன. பட்டியலில் ஒரு வரி நிறைவேறாமல் போனால், கணினி ஒவ்வொரு முறை எழும்போதும் அதே வரியில் முட்டி நின்றது.

2008 பிப்ரவரியில் இது பெரிய அளவில் வெளிப்பட்டது. விஸ்டா சர்வீஸ் பேக் 1-க்கு முன்னேற்பாடாக அனுப்பப்பட்ட கேபி937287 என்ற புதுப்பிப்பை நிறுவிய கணினிகளில் சில, '3 நிலைகளில் 3-ஆம் நிலை, 0 விழுக்காடு' என்ற வரியைக் காட்டிவிட்டுத் திரும்பத் திரும்ப மறுதொடக்கம் ஆயின. அந்தப் புதுப்பிப்பு, புதுப்பிப்புகளை நிறுவும் பொறியமைப்பையே மாற்றுவதற்காக வந்தது என்பது கவனிக்கத்தக்கது. மைக்ரோசாஃப்ட் அதன் தானியங்கி வழங்கலை அந்த மாதத்திலேயே நிறுத்திவைத்தது.

விண்டோஸ் 7-இல் வேறுவகை முடக்கம் தோன்றியது. 2015, 2016 ஆண்டுகளில் புதுப்பிப்புகளைத் தேடும் கட்டத்திலேயே கணினிகள் மணிக்கணக்கில் நின்றன. எந்தத் திருத்தம் எதற்கு மாற்றாக வந்தது என்ற கணக்கு அத்தனை நீண்டிருந்தது. 2016 அக்டோபர் முதல் எல்லாத் திருத்தங்களும் ஒரே மாதத் தொகுப்பாகத் திரட்டப்பட்டதால் அச்சிக்கல் தணிந்தது. 2015 ஜூலை 29 அன்று வெளியான விண்டோஸ் 10, ஹோம் பதிப்பு பயனர்களிடமிருந்து புதுப்பிப்பை மறுக்கும் உரிமையைப் பறித்தது. 2019-இல்தான் 35 நாள் வரை தள்ளிவைக்கும் வசதி அவர்களுக்குக் கிடைத்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-இல் சில நிறுவனப் பதிப்புகள் பல மாதங்களின் திருத்தங்களை மறுதொடக்கமின்றி ஏற்கின்றன.

காரணம்

இயங்கிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்பை மாற்ற விண்டோஸ் பொதுவாக அனுமதிப்பதில்லை. மாற்றத்தை மறுதொடக்கத்துக்கு ஒத்திவைத்து, மற்ற நிரல்கள் எழுவதற்கு முன் செய்கிறது. லினக்ஸில் பயன்பாட்டிலுள்ள கோப்பின் பெயரை நீக்கி அவ்விடத்தில் புதியதை வைத்துவிடலாம். பழையது அதைத் திறந்த நிரல் முடியும்வரை தொடரும். ஆக, முடக்கத்தின் வேர் விண்டோஸின் அமைப்பில் உள்ளது. பயனரின் பொறுமையின்மையில் இல்லை. 'கணினியை அணைக்காதீர்கள்' என்ற திரைவரி பழியைப் பயனர் மேல் திருப்புகிறது.

உடனடிக் காரணங்கள் பல: சி டிரைவில் இடமின்மை, பாதியில் அறுந்த பதிவிறக்கம், தேய்ந்துபோன ஹார்டு டிஸ்க், பொருந்தாத டிரைவர், இடையில் போன மின்சாரம். 2024 ஜனவரியில் வந்த கேபி5034441, மீட்புப் பகிர்வில் 250 எம்பி காலியிடம் இல்லாத கணினிகளில் நிறுவப்படாமல் திரும்பத் திரும்பத் தோற்றது. அப்பகிர்வின் அளவைத் தாமே கூட்டும் பொறுப்பு பயனர்கள் தலையில் விழுந்தது.

கையாளும் முறை

விழுக்காட்டு எண்ணை நம்பக்கூடாது. ஹார்டு டிஸ்க் விளக்கைப் பார்க்க வேண்டும். 35-இல் எண் நின்றிருந்தாலும் விளக்கு ஒழுங்கற்று மினுக்கினால் வேலை நடக்கிறது என்று பொருள். பழைய ஹார்டு டிஸ்க் உள்ள கணினியில் பெரிய புதுப்பிப்புக்குச் சில மணி நேரம் பிடிப்பது இயல்பு. விளக்கு இல்லாத மடிக்கணினியில் கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பார்க்கலாம். அதன் விளக்கு மாறினால் கணினி உறைந்துவிடவில்லை. மடிக்கணினி சார்ஜரில் இருக்கட்டும். பென் டிரைவ், பிரிண்டர் போன்றவற்றைக் கழற்றிவிடலாம். கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் சில நேரம் உள்நுழைவுத் திரை வந்துவிடும்.

இரண்டு மூன்று மணி நேரம் எண்ணும் விளக்கும் அசையவில்லை என்றால் அணைக்கலாம். பவர் பொத்தானைத் திரை இருளும்வரை பத்து நொடி போல அழுத்திப் பிடிக்க வேண்டும். மீண்டும் இயக்கினால் பெரும்பாலும் விண்டோஸ் தானே முன்நிலைக்குத் திரும்பும். 'மாற்றங்கள் திரும்பப் பெறப்படுகின்றன' என்ற பொருளில் வரும் அந்தத் திரை இருக்கும்போது மட்டும் எக்காரணம் கொண்டும் குறுக்கிடக் கூடாது.

தொடங்குவது இரண்டு மூன்று முறை தொடர்ந்து தோற்றால் மீட்புச் சூழல் தானாகத் திறக்கும். அங்கே சேஃப் மோடில் நுழையலாம், கடைசியாக நிறுவிய புதுப்பிப்பை நீக்கலாம், சிஸ்டம் ரீஸ்டோர் புள்ளிக்குத் திரும்பலாம். பிட்லாக்கர் குறியாக்கம் உள்ள கணினி இந்நிலையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். தனிநபர் கணினிகளில் அது பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும்; வேறொரு கருவியிலிருந்து அக்கணக்கைத் திறந்து எடுக்கலாம். இந்த எண் கிடைக்காமல் கோப்புகளை இழந்தவர்கள் உண்டு என்பதால், சிக்கல் வரும் முன்பே அதைத் தாளில் எழுதி வைப்பது நல்லது.

கணினி எழுந்தபின் முதலில் சி டிரைவில் இடம் உண்டாக்க வேண்டும். பிறகு புதுப்பிப்புச் சேவையை நிறுத்தி, விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் கோப்புறையின் பெயரை மாற்றினால் பழுதான பதிவிறக்கங்கள் ஒதுங்கிப் புதிதாக இறங்கும். இயங்குதளக் கோப்புகளே கெட்டிருந்தால் டிசம் கட்டளையை முதலிலும் எஸ்எஃப்சி கட்டளையை அடுத்தும் நிர்வாகி உரிமையுடன் இயக்க வேண்டும். முன்னது வின்எஸ்எக்ஸ்எஸ் சேமிப்பைச் சீராக்க, பின்னது அங்கிருந்து நல்ல பிரதியை எடுத்துவைக்கும்.

பிற இயங்குதளங்கள்

குரோம் ஓஎஸ் தொடக்கத்திலிருந்தே, ஆண்ட்ராய்டு 2016-இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து ஆதரவுள்ள கருவிகளில், இயங்காத இரண்டாவது பகிர்வில் புதுப்பிப்பை எழுதி, மறுதொடக்கத்தில் அதற்கு மாறிக்கொள்கின்றன. புதியது எழாவிட்டால் பழையது அப்படியே இருக்கும். உபுண்டுவில் பாதியில் நின்ற நிறுவலை டிபிகேஜி கட்டளை கொண்டு தொடரலாம்.